பாமசிக் கிறில் எண்ணெய்: காசுக்குப் பெறுமதியா?

கிறில் என்றால் நம் ஊர்க் கூனிதானே என்று கேட்பவர்கள் உண்டு. உருவத்தில் கிட்ட வரும், உறவு தூரம். கூனி நம் கரையிலேயே படும். குளிசைக்குப் போகும் கிறில் அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள குளிர்கடலில் மட்டுமே வாழ்வது. 6 சென்ரிமீற்றர் வரை வளரும், ஐந்தாறு வருடம் உயிரோடிருக்கும். அதன் எண்ணெயை அடைத்த கருஞ்சிவப்புக் குளிசையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

போத்தலின் முகப்பில் பெரிதாகத் தெரியும் 500 மி.கி. வெறும் எண்ணெயின் நிறை. பார்க்கவேண்டியது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பமிலங்களின் கூட்டுத்தொகை. இந்த அளவுக் குளிசையில் அது பெரும்பாலும் 90 முதல் 120 மி.கி.க்குள் நிற்கும். சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய்க் குளிசையிலோ 180உம் 120உம் சேர்ந்து 300. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 250 மி.கி. போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கணக்கு. மீன் எண்ணெயில் ஒன்று விழுங்கினால் அது முடிந்தது, கிறிலில் இரண்டோ மூன்றோ வேண்டும். 60 குளிசைப் போத்தல் ஒரு மாதத்துக்குக்கூடத் தாக்குப்பிடிக்காமல் போகலாம். விலையை ஒப்பிடுபவர்கள் போத்தலுக்குப் போத்தல் பார்க்காமல், விலையை மொத்த இபிஏ, டிஎச்ஏ மில்லிகிராமால் வகுத்துப் பார்க்கட்டும்.

கிறிலில் ஒமேகா-3இன் பெரும்பகுதி பொஸ்போலிப்பிட்டு என்ற பொஸ்பரசு சேர்ந்த கொழுப்போடு பிணைந்திருப்பதால் உடம்பில் நன்றாகச் சேரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆய்வுகள் இதில் ஒரே பேச்சாக இல்லை. கைக்குத் தெரியும் நன்மை ஒன்று உண்டு: தண்ணீரோடு கலக்கும் எண்ணெய் என்பதால் மீன் ஏப்பம் குறைவு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குளிசையின் நுனியைக் கத்தரித்து, அரைக் கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் பிழிந்து கரண்டியால் கலக்குங்கள். கிறில் எண்ணெய் நீரைக் கலங்கவைத்துப் பரவும். சாயம் போட்ட மீன் எண்ணெய் துளித்துளியாக மேலே வந்து நிற்கும். ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் படுமோசமான போலி இதிலேயே பிடிபடும். இறால் கோது வாடை இயல்பானது. பலமுறை பொரித்த எண்ணெயின் காறல் அடித்தால் கொட்டிவிடுங்கள்.

விலை ஏறுவதற்குக் காரணம் தூரம் மட்டுமில்லை. கிறிலை ஐஸ் போட்டுக் கரைக்குக் கொண்டுவர முடியாது. செத்ததும் தன் குடல் நொதிகளாலேயே கரையத் தொடங்கிவிடும், ஆகவே சில மணித்தியாலங்களுக்குள் கப்பலிலேயே பதப்படுத்தவேண்டும்.

இனி, லேபலில் இருக்கும் 'நிலைபேறான அறுவடை'. பக்கத்தில் ஒரு பென்குயின் படமும் இருக்கும், உள்ளே அடைத்திருப்பது அந்தப் பென்குயினின் சாப்பாடு. கிறில் குஞ்சுகள் தங்கள் முதல் மாரியைக் கடற்பனிக்கு அடியில் கழிக்கின்றன. பனியின் கீழ்ப்புறத்தில் படரும் பாசியைச் சுரண்டித் தின்றுதான் அந்த இருட்டு மாதங்களைத் தாண்டுகின்றன. பனி பிந்தி உறைந்தால் தீனி இல்லை, அடுத்த வருடக் கூட்டம் மெலியும். 2023 பெப்ரவரியில் அந்தாட்டிக்கக் கடற்பனி 17.9 இலட்சம் சதுர கிலோமீற்றருக்குச் சுருங்கியது. செய்மதிப் பதிவுகளில் அதுவே ஆகக் குறைவு. தென்மேற்கு அத்திலாந்திக்கில் கிறிலின் பரம்பல் 90 ஆண்டுகளில் ஏறத்தாழ 440 கி.மீ. தெற்கே ஒதுங்கியிருக்கிறது. பனி குறைந்த இடங்களில் பெருகும் சல்ப் என்ற வழுவழுப்பான உயிரி பெரும்பாலும் தண்ணீர்தான், பென்குயினுக்கு அது கிறிலுக்கு ஈடான இரையில்லை.

தென்மேற்கு அத்திலாந்திக்கில் வருடத்துக்கு 620,000 தொன் கிறில்தான் பிடிக்கலாம். மொத்த இருப்பில் இது சிறு பங்கு என்று கம்பனிகள் சொல்வது பொய்யில்லை. ஆனால் கப்பல்கள் போய் நிற்பது அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் ஓரம், திமிங்கிலமும் பென்குயினும் மேயும் அதே தண்ணீரில். பிடியை நான்கு துணைப்பகுதிகளுக்குப் பிரித்துவைத்த ஏற்பாடு 2024இல் காலாவதியானது. மறுவருடம் ஓகஸ்ட்டிலேயே எல்லை எட்டப்பட்டு மீன்பிடி மூடப்பட்டது. எனவே 'நிலைபேறான' என்ற அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கவேண்டியதில்லை.

வைத்தியர் எழுதித் தராதவரை இது தேவையில்லாத செலவு. வாழைச்சேனையிலோ கல்முனையிலோ சூடை மலியும் நாட்களில் கிழமைக்கு இரண்டு தரம் குழம்பு வைத்தாலே போதும். மீன் வாயில் வைக்க முடியாதவர்களுக்கு மீன் எண்ணெய்க் குளிசை மலிவு.

இருந்தும் வாங்குவதென்றால், வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைத்த போத்தலைத் தொடாதீர்கள். கச்சான் வீசும் மாதங்களில் ஜெலற்றின் உறை இளகி, குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். போத்தலைக் குலுக்கினால் சத்தம் வரவேண்டும். ஜெலற்றின் மாட்டினதா, பன்றியினதா, மீனினதா என்று லேபலில் இல்லாவிட்டால், ஹலால் பார்ப்பவர்கள் விட்டுவிடுவது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் மருந்து குடிப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. இறாலோ நண்டோ கூனியோ தின்று உதடு வீங்குபவர்களுக்குக் கிறிலும் அதையே செய்யலாம்.