9 வருஷமா எங்க மில் டிரான்ஸ்பார்மர்: கரண்ட் போறப்ப இல்லீங்க, வர்றப்ப தான் ஆட்டமே

பல்லடம் பக்கம் சின்ன ஸ்பின்னிங் மில், எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் என் தலைல. 22 கேவி லைன 433 வோல்ட்டுக்கு இறக்குற 630 கேவிஏ ஆயில் டிரான்ஸ்பார்மர், போட்டு 9 வருஷம் ஆச்சு. எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, நான் சொல்லப்போறது எல்லா கம்பெனி டிரான்ஸ்பார்மருக்கும் பொதுதான்.

மொத வருஷமே பயமுறுத்திருச்சு. கரண்ட் போய் வந்தப்புறம் விசிபி (22 கேவி சைடு மெயின் பிரேக்கர்) போட்டா டிரான்ஸ்பார்மர் ஒரு உறுமு உறுமும், உடனே டிரிப். சில நாள் மொத தடவையே நிக்கும், சில நாள் மூணு தடவை போடணும். வைண்டிங் தான் போச்சுன்னு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) போட்டு, ஆயில் எவ்ளோ வோல்டேஜ் தாங்குதுன்னு பிடிவி டெஸ்ட் பாத்து ஒரு நாள் ஓட்டமும் போச்சு, கடைசில ஒண்ணுமே இல்ல. ரிலே (ஃபால்ட்ட பாத்து பிரேக்கர தட்டி விடுறது) டெஸ்ட்டுக்கு வந்த அண்ணன் சிரிச்சாரு, "தம்பி இது இன்ரஷ்ங்க, டிரான்ஸ்பார்மர் கல்லு மாதிரி இருக்கு". இன்ரஷ்னா என்னன்னா, ஆஃப் ஆகும்போது கோர்ல கொஞ்சம் காந்தம் மிச்சம் நின்னுரும், திரும்ப போடுற நேரம் வோல்டேஜ் அலை ஜீரோ கிட்ட இருந்துச்சுன்னா கோர் சாச்சுரேட் ஆகி கரண்ட்ட அள்ளி இழுக்கும். எங்களுக்கு ஹெச்டி (22 கேவி) சைடு ஃபுல் லோடே பதினாறரை ஆம்பியர் தான், இது 8 மடங்கு 10 மடங்குன்னு போயிட்டு கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். நம்ம ரிலே அத ஷார்ட்னு நெனச்சு தட்டி விட்டுருக்கு. செட்டிங்க சரி பண்ணதும் அந்த தொல்லை தீந்துச்சு.

அடுத்தது ஒரு மழை ராத்திரி. 22 கேவி லைன்ல இருக்குற ஹெச்ஜி (ஹார்ன் கேப்) ஃபியூஸ் ஒரு பேஸ்ல போயிருச்சு. ஆஃபீஸ்ல ஒரு லைட் பளிச்சுனு எரியுது, மத்தது சிம்னி விளக்கு மாதிரி. மீட்டர் வச்சா 238, 121, 117. சின்ன ரெண்டையும் கூட்டுங்க, பெருசே வரும்! பிரைமரி டெல்டால்ல (மூணு வைண்டிங்கும் முக்கோணமா கோர்த்தது), ஒரு லைன் அறுந்தா ஒரு வைண்டிங்குக்கு முழு வோல்டேஜ், மிச்ச ரெண்டும் சீரிஸ்ல நின்னு பாதி பாதியா பிரிச்சுக்கும். டிரான்ஸ்பார்மருக்கு ஒரு கீறல் இல்ல, ஆனா ரெண்டு மோட்டார் கருகிருச்சு, ஏன்னா சிங்கிள் பேஸிங் பிரிவென்டர (ஒரு பேஸ் போனா மோட்டார நிறுத்துறது) "சும்மா சும்மா டிரிப் ஆகுது"ன்னு பைபாஸ் பண்ணி வச்சிருந்தது நாங்களே தான்.

வோல்டேஜ் டிப்புக்கு (திடீர்னு வோல்டேஜ் இறங்குறது) மட்டும் டிரான்ஸ்பார்மர நம்பாதீங்க. எங்கயோ லைன்ல ஃபால்ட் ஆகி அர செகண்ட் இறங்கினாலும் அப்டியே கீழ தள்ளி விட்டுரும், மோட்டாருக்கு சப்ளை குடுக்குற கான்டாக்டர் பூரா படபடன்னு விழும். டேப் (வைண்டிங் சுத்து எண்ணிக்கைய மாத்துற சுவிட்ச்) மாத்தினா சரியாகும்னு ஒருத்தர் சொன்னாரு, அது சப்ளைய ஆஃப் பண்ணி கையால திருப்புற டேப்பு, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இப்பல்லாம் கரண்ட் போன உடனே எல்டி (433 வோல்ட்) ஃபீடர், கெப்பாசிட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருவோம், வந்ததும் டிரான்ஸ்பார்மர மட்டும் வெறுமனே ஏத்தி, உறுமல் அடங்கினப்புறம் தான் ஒவ்வொண்ணா லோடு. 9 வருஷத்துல இதுக்குன்னு செலவு பண்ணது ஒரு தடவை ஆயில் ஃபில்டர், ரெண்டு தடவை ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல், ஒரு கேஸ்கெட். மோட்டார் ரீவைண்டிங் பில்ல மட்டும் கேக்காதீங்க.