பீட் மாஸா, கோகோபீட்டா? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

மாடித்தோட்டத் தொட்டிகளில் மண்ணோடு சேர்க்க நான் கோகோபீட் பக்கம்தான், அதாவது தேங்காய் நார்த்தூள். 'இறக்குமதி' என்ற ஒரே காரணத்துக்காக விலை ஏற்றி விற்கும் பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) மூட்டையும் இப்போது நர்சரிகளில் கிடைக்கிறது. இரண்டும் பழுப்புத் தூள், இரண்டும் எடை குறைவு, இரண்டும் ஈரம் பிடிக்கும். அது வரை வித்தியாசமில்லை.

பீட்டின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சீராக இருக்கும், உப்பு அநேகமாக இருக்காது, விதை முளைக்க அருமை. இயல்பிலேயே புளிப்பு என்பதால் அசேலியா, ப்ளூபெர்ரி மாதிரிச் செடிகளுக்குப் பிடிக்கும். அவற்றை நான் வளர்த்ததில்லை. என் அனுபவம் தக்காளி, கத்தரி, கீரையோடு சரி. ஆனால் நம்மூர் வெயிலில் பீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால், ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் தொட்டியின் ஓரமாக வழிந்துவிடும். கோகோபீட் காய்ந்தாலும் மறுபடி குடித்துக்கொள்ளும்.

சூழல் கணக்கில் பீட்டுக்கு வக்காலத்து வாங்குவது கஷ்டம். கனடாவிலும் பால்டிக் நாடுகளிலும் சதுப்பு நிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் படிந்த பாசி அது. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதமே இருக்கும் இந்த நிலங்கள், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாவற்றையும்விட அதிகமான கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. நீரை வடித்துத் தோண்டினால் அது கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டத்துக்கு பீட் விற்பதை 2024க்குள் தடை செய்வோம் என்று 2022ல் அறிவித்தார்கள், சட்டம்தான் வரவில்லை.

சரி, கோகோபீட் மட்டும் சுத்தமா? என் கவலையெல்லாம் அதைக் கழுவும் தண்ணீர்தான். நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் ஏராளம். 'லோ இ.சி.' (மின்கடத்துத்திறன் குறைவு, அதாவது உப்பு குறைவு) என்று எழுதிய கோகோபீட் கட்டி என்றால், யாரோ எங்கோ நிறையத் தண்ணீர் விட்டு அந்த உப்பை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் கழுவிய பழுப்புத் தண்ணீர் கிணறுகளில் இறங்கியதாகப் புகார்கள் எழுந்து, 2021ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசு அநேகமாக இல்லாத 'வெள்ளை'ப் பட்டியலிலிருந்து, நடுத்தர மாசுத் தொழில்களுக்கான 'ஆரஞ்சு'க்கு மாற்றியது. ஐரோப்பியத் தோட்டங்கள் பீட்டை விடுவதற்கான விலையில் ஒரு பங்கை நம் நிலத்தடி நீர் கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனாலும் தோண்டிய சதுப்பு நிலம் நம் ஆயுளில் திரும்பாது. உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பது நம் கையில் இருக்கிறது. நான் கழுவாத 5 கிலோ கட்டியை வாங்கி டிரம்மில் ஊறவைக்கிறேன். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். அது நேராகக் கொல்லைத் தென்னைக்கு. உப்பைத் தாங்கும் மரம், பொட்டாசியமும் அதற்கு வேண்டும். நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு, கடைசியாகக் கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றுவேன். இல்லாவிட்டால் நார்த்தூள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளியின் அடிப்பகுதி கருத்து அழுகும். பீட்டில் இந்த வேலையெல்லாம் கிடையாது, அது உண்மை.

தென்னை இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் கழுவிய கட்டிதான் வாங்க வேண்டும். அப்போது இ.சி. எவ்வளவு என்று கேட்பதோடு, கழுவிய தண்ணீரை ஆலை என்ன செய்கிறது என்றும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.