சார்ஜர் போட்டால் டச்பேட் ஆடுகிறது: புது கேமிங் லேப்டாப்பும் பழைய வண்ணாரப்பேட்டை பிளக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த லேப்டாப்பை வாங்கலாம், கொடுத்த காசுக்கு நல்ல மெஷின்தான். ஆனால் பெட்டியைப் பிரித்து பட்டனைத் தட்டியவுடன் கடையில் காட்டிய மாதிரியே ஓடும் என்று எதிர்பார்த்தால் முதல் வாரமே தலைவலிதான். பிராண்டு பெயரை வேண்டுமென்றே போடவில்லை. கீழே வருகிற தொல்லைகளில் பாதி எந்த கம்பெனி கேமிங் லேப்டாப்பிலும் வரக்கூடியவை, அதிலும் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வயரிங் உள்ள வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

தம்பிக்காக வாங்கியது. பகலில் காலேஜ் டிராயிங், ராத்திரி வாலரன்ட் என்கிற சுடுகிற கேம். 15.6 இன்ச் ஃபுல் எச்டி திரை, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறும்), இன்டெல் ஐ5 13-ஆம் தலைமுறை, 16 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகத்தோடு என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் சிப். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீபோர்டும் அருமை, தட்டுவதற்கு நல்ல ஆழம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது கூத்து. பேட்டரியில் இருக்கும்போது டச்பேட் வெண்ணெய்யாக வழுக்கிப் போகும், ஆனால் கேம் திணறும். சார்ஜரைச் சொருகினால் கேம் பறக்கும், ஆனால் டச்பேடுக்குப் பேய் பிடித்துவிடும். அம்புக்குறி தானாகக் குதிக்கும், தொடாமலேயே கிளிக் விழும், இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்தினால் அது பெரிதாகிச் சின்னதாகும். கூடவே மேல் மூடியில் கை வைத்தால் மணிக்கட்டில் ஒரு 'ஜிவ்' உணர்வு.

கஸ்டமர் கேரில் கேட்டால் விண்டோஸை ரீசெட் பண்ணுங்கள் என்றார்கள். அதுவும் ஆயிற்று, ஒன்றும் மாறவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் அம்புக்குறி குதிப்பதைப் பார்த்தார், "டச்பேட் போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். சார்ஜரைப் பிடுங்கிக் காட்டினோம், உடனே சமர்த்தாக வேலை செய்தது. அவர் அதைப் பார்த்துவிட்டும் மாற்றிவிடலாம் என்றே சொன்னார்! வாரண்டியில் இருப்பதால் காசு இல்லைதான், ஆனாலும் நல்லா இருக்கிற பாகத்தைக் கழற்ற நாங்கள் விடவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது லேப்டாப் ஆள் யாரும் இல்லை, எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். டெஸ்ட் லேம்ப்பை பேஸிலும் எர்த்திலும் வைத்துப் பார்த்தார், பல்பு எரியவே இல்லை. "இன்னா தம்பி, இதுல எர்த்தே வரல, மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்குது" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புது லேப்டாப்பில் டச்பேட் குதிக்கிறது என்று புலம்புகிற நிறையப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. லேப்டாப் அடாப்டருக்குள், மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அவை வழியாக மிகக் கொஞ்சம் கரண்ட் கசியும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படித்தான், கசிந்தது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் அது போக வழியில்லாமல் லேப்டாப்பின் உலோக உடம்பிலேயே நிற்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் நம்முடைய 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதிகூடக் காட்டலாம். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஷாக் அடித்துத் தூக்கிப் போடாது, 'ஜிவ்' என்பதோடு நின்றுவிடும். ஆனால் டச்பேட் வேலை செய்வதே விரல் பட்டால் அந்த இடத்தில் மின்தேக்கம் எவ்வளவு மாறுகிறது என்பதை அளந்துதான். மொத்த உடம்பும் இரைச்சலில் ஆடும்போது இல்லாத விரல்களெல்லாம் அதற்கு இருக்கிற மாதிரித் தெரியும். டிரைவர் மாற்றுவது, அப்டேட் போடுவது, எதனாலும் இது தீராது.

கடையில் ஏன் வரவில்லை? அங்கே எர்த் ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் சொருக ஒரு மஞ்சள் கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதைப் போட்டாலும் இதே கதிதான், எர்த் அங்கேயே அறுந்துவிடும். மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களிலும் மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டே வயர்.

எங்கள் வீட்டில் எர்த் வயர் மண்ணில் இறங்குகிற குழியே தூர்ந்துபோய்க் கிடந்தது. சுத்தம் பண்ணி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி, புது வயர் இழுத்த அன்று மாலையே டச்பேட் அடங்கிவிட்டது. வெயில் காலத்தில் குழி காய்ந்தால் எர்த் பலவீனமாகும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் எலக்ட்ரீஷியன். வாடகை வீடென்றால் ஓனரிடம் லேப்டாப் கதையைச் சொல்லாதீர்கள், "அதுக்கெல்லாம் நான் என்னப்பா பண்றது" என்பார். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் எதற்கும் எர்த் இல்லை என்று சொல்லுங்கள், உண்மையிலேயே ஆபத்து அங்கேதான். இன்னொன்று, சிலர் சாக்கெட்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அதை மட்டும் விடவே விடாதீர்கள், நியூட்ரல் அறுந்தால் எல்லாப் பொருளின் உடம்பிலும் பேஸ் வந்து நிற்கும்.

சரி, எர்த் வந்த பிறகும் டச்பேடில் ஒரு புகார் பாக்கி இருந்தது. கேமில் டபிள்யூ கீயை அழுத்திக்கொண்டே டச்பேடைத் தொட்டால் அது அசையாது. இது கெட்டுப்போனது இல்லை, தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு அம்புக்குறி ஓடாமல் இருக்க விண்டோஸே கொஞ்ச நேரம் டச்பேடைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்டு டிவைசஸ், அதற்குள் டச்பேட், அதற்குள் டேப்ஸ் (Taps) என்று போனால் சென்சிட்டிவிட்டி இருக்கும், அதை மோஸ்ட் சென்சிட்டிவ் என்று வையுங்கள், சரியாகிவிடும். ஆனால் அப்படியே விட்டுவிட்டு அசைன்மென்ட் தட்டினால் உள்ளங்கை பட்டுப் பட்டு கர்சர் பவுடர் அதிகமான கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் ஓடுகிற மாதிரி ஓடும், அப்போது மீடியத்துக்கு இறக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் டச்பேடில் சுடுகிற விளையாட்டு ஆடுவதே வீண் வேலை. ஒரு மவுஸ் வாங்குங்கள், அதே டச்பேட் பக்கத்தில் மவுஸ் இருக்கும்போதும் டச்பேட் ஓடட்டும் என்று ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்.

டச்பேட் மொத்தமாகவே செத்த மாதிரி இருந்தால் முதலில் எஃப்என் கீயோடு சேர்ந்த டச்பேட் பட்டன் தெரியாமல் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகு காணாமல் போனால் சிப்செட் டிரைவர், சீரியல் ஐஓ டிரைவர் என்று டச்பேடை விண்டோஸோடு பேசவைக்கிற சின்ன மென்பொருள்கள் இல்லை என்று அர்த்தம், லேப்டாப் கம்பெனி சைட்டில் மாடல் எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இனி கிராபிக்ஸ். வாங்கிய புதிதில் தம்பியின் முதல் புலம்பல், "அண்ணா, 4050-ன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க". ஏமாற்றவில்லை. இந்த மாதிரி லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு, பிராசஸரோடு ஒட்டிய இன்டெல் ஒன்று, தனியாக என்விடியா ஒன்று. பேட்டரி மிச்சம் பிடிக்க, சாதாரண வேலைக்கெல்லாம் இன்டெல்தான் ஓடும், கேம் வந்தால் என்விடியாவுக்கு மாற வேண்டும். பெரிய கேம்கள் தானாக மாறிவிடும், சில மாறாது. ஜாவா மைன்கிராஃப்ட் நல்ல உதாரணம், ஓடுவது ஜாவா என்பதால் சில சமயம் இன்டெல்லிலேயே உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுத்தால் போதும். எது ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 0, ஜிபியு 1 என்று தனித்தனியாகத் தெரியும்.

அடுத்தது மக்ஸ் சுவிட்ச். வழக்கமான ஹைப்ரிட் முறையில் என்விடியா வரைந்த படமும் இன்டெல் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வருகிறது, அந்தச் சுற்றில் கொஞ்சம் ஃப்ரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, குறையும். கம்பெனி கொடுத்த கண்ட்ரோல் ஆப்பில் டிஸ்க்ரீட் ஜிபியு என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் நேராக வரும், வாலரன்ட் மாதிரி வேகமான கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. பதிலுக்கு பேட்டரி சீக்கிரம் காலியாகும், காலேஜுக்குப் போகும் நாளில் மறுபடி ஹைப்ரிடுக்கு மாற்ற வேண்டும். விற்ற கடையில் இதைப் பற்றிக் கேட்டபோது அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது.

பேட்டரியில் கேம் திணறுவதைப் பற்றிக் கேட்காதீர்கள், அது திருத்தக்கூடியது இல்லை. லேப்டாப் 4050-க்கு என்விடியா சொல்லும் மின்வரம்பே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும், எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் முடிவு. அதனால் 4050 என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப் ஒரே மாதிரி ஓடாது, வாங்கும்போது எத்தனை வாட் என்று கேளுங்கள். அந்த வாட்டெல்லாம் சார்ஜர் இருந்தால்தான், பேட்டரியால் அவ்வளவு கொடுக்க முடியாது. போதாததற்கு பேட்டரி பூஸ்ட் என்று ஒரு வசதி ஃப்ரேமை வேறு பிடித்துக் கட்டிவைக்கும்.

144 ஹெர்ட்ஸ் திரை 60-இல் ஓடிக்கொண்டிருந்தது, செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ஒரு கிளிக்கில் 144-க்கு மாற்றினோம். கேமுக்குள் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அல்ட்ராவில் வைக்காதீர்கள், புதுக் கேம்களில் கிராபிக்ஸின் 6 ஜிபி நினைவகம் நிரம்பினால் படம் திக்கித் திக்கி ஓடும், ஹை அல்லது மீடியத்தில் வைத்து, சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதியில் குவாலிட்டி போட்டால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது.

சூடு பற்றி. இந்த ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இதில் விளையாடுவது லேப்டாப்புக்கும் கொடுமை, நமக்கும் கொடுமை. பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டுத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் மூச்சு விடும். மெத்தையில் வைத்தால் மூச்சு அடைக்கும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி தூசும் கடல் காற்று உப்பும் உள்ள பகுதி இது, ஜன்னலோரம் வைத்திருந்தால் ஃபேன் இறக்கைகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது துடைத்தாக வேண்டும்.

கடைக்கு மார்க் போட வேண்டுமென்றால், விலை சரி, பில் சரி, பேச்சு மரியாதை, விற்ற பின் கவனிப்பு சுமார். மேலே சொன்ன செட்டிங்ஸ் எல்லாவற்றையும் கடையிலேயே பத்து நிமிஷத்தில் வைத்துக் கொடுக்கலாம், அதற்குப் பதில் யாரும் கேட்காத ஆன்டிவைரஸைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். மெஷினில் எனக்குப் பிடிக்காதவை: ஸ்பீக்கர் தகர டப்பா, கேமரா ஆன்லைன் கிளாஸுக்கே போதாது, அடாப்டர் செங்கல் கனம். அப்புறம் 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருக்கிறார்கள், டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே 2-இல் 1 என்று தெரிகிறது. வாலரன்ட் மாதிரி பிராசஸரை நம்பி ஓடுகிற கேமுக்கு இரண்டு துண்டு ரேம் இருந்தால் நன்றாகவே கைகொடுக்கும். இன்னொரு ரேமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்திருக்கிறோம், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கிற தூரம்தான். மூடியைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்று கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன், பதில் வந்தால்தான் திறப்போம்.