ஏஐ எழுத்தைப் பிடிக்க மென்பொருளா, நேர்கேள்வியா?

ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் மாணவர்கள் 60 பேரின் ஒப்படைப்புகளைத் திருத்துவது என் பொறுப்பு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், எழுதியது மாணவரா இயந்திரமா என்று அறிய இரண்டு வழிகளைக் கையாண்டு பார்த்தேன். கண்டறியும் மென்பொருள் ஒன்று. மாணவரை எதிரில் அமர்த்தி ஏழு நிமிடம் அவர் எழுதியதைப் பற்றியே கேட்பது மற்றொன்று. இப்போது இரண்டாவதோடு நின்றுவிட்டேன்.

வேகம் மென்பொருளுக்குத்தான். 60 பேரிடம் பேசி முடிக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆகிறது.

ஆனால் மாணவர் மறுத்துவிட்டால் நம் கையில் என்ன சான்று இருக்கிறது என்பதில்தான் முடிவே அடங்கியிருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய ஒப்புமைச் சோதனை, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலத்தையே எடுத்துக் காட்டும். ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி வகுத்தது அந்த ஒப்புமையை வைத்துத்தான். ஏஐ வாக்கியங்களைப் புதிதாகக் கோத்துத் தருவதால் காட்டுவதற்கு மூலம் இல்லை, ஊகமான ஒரு விழுக்காடு மட்டுமே மிஞ்சுகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டையே பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது வீண்பழி சுமத்தியது. ஜூலையில் அதை அவர்களே திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டபோது, சராசரியாக 61 விழுக்காடு ஏஐ எழுதியதாக முத்திரை பெற்றன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, தெரிந்த சொற்களுக்குள்ளேயே ஆங்கிலம் எழுதும் எங்கள் பிள்ளைகளின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மஞ்சள் ஏலத்தைப் பற்றி எழுதிய மாணவிக்கு மென்பொருள் 80 விழுக்காட்டுக்கு மேல் போட்டிருந்தது. "நானேதானுங்க சார் எழுதினேன்" என்றாள், கண் கலங்கி. மஞ்சளில் உருண்டையான கிழங்கைவிட விரல்போல் நீண்ட விரலிக்கு ஏன் கூடுதல் விலை என்று கேட்டதும் அழுகை நின்றது. வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பதையும், சரியாகக் காயாத ஒரு மூட்டைக்கு அவள் அப்பாவுக்குக் குறைந்த விலையே கிடைத்ததையும் கையசைத்துச் சொன்னாள். அதே நாளில், மென்பொருள் குறையே சொல்லாத இன்னொரு மாணவரால், தம் கட்டுரையில் நான்கு இடங்களில் வந்த 'ஊக வணிகம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியவில்லை.

நேர்கேள்வியிலும் குறை உண்டு. கூச்சமுள்ள பிள்ளை தெரிந்ததையும் விழுங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தாளில் எழுதிக் காட்ட இரண்டாம் வாய்ப்புத் தருகிறேன். என் அனுபவம் இரண்டு பருவங்கள்தாம், அதுவும் இளநிலை வகுப்பில். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு இது போதும் என்று சொல்லத் துணியமாட்டேன். வரும் பருவத்தில் நாளுக்கு 12 பேராக, ஐந்து நாள்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறேன்.