கேப்டன் ஒருத்தியா, குழுவா?

அமெரிக்காவில் கல்லூரி முடித்த பெண்கள் ஆடும் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) கிளப்புகளில் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. வேலைக்குப் போய்வரும் ஆட்டக்காரிகளே மைதானம் பிடிக்க வேண்டும், நடுவருக்குப் பணம் திரட்ட வேண்டும், இந்த ஆட்டத்தின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ லக்ராஸில் உறுப்பினர் பதிவு யாருக்கும் காலாவதியாகவில்லையே என்றும் பார்க்க வேண்டும். காப்பீடு அதோடுதான் வருகிறது, அசட்டையாக இருக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒரே கேப்டன் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால் முடிவு சட்டென்று வரும். ஆட்டத்துக்கு முந்தைய இரவு, "நாளைக்கு வர முடியாது" என்று கோல்கீப்பரிடமிருந்து மெசேஜ் வருகிறது என்று வையுங்கள். ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு அந்தக் கெட்டி ரப்பர் பந்துக்கு எதிரே நிற்க யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். யாரிடம் கெஞ்சினால் நடக்கும் என்பது கேப்டனுக்கு அத்துப்படி. குழு என்றால் "நீ கேட்டியா, நான் கேக்கவா" என்றே விடிந்துவிடும்.

பண விஷயம் அப்படியல்ல. நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட் ஊரில் கோடையில் நடக்கும் போட்டிக்கு முன்பணம் கட்டியது கேப்டனின் சொந்த கிரெடிட் கார்டு என்றால், பாக்கி கேட்டு நிற்கும் சங்கடமும் அவளுக்கே. அதைவிட மோசம், அவள் வேலை மாறி வேறு ஊர் போவது. இருபதுகளில் அது சகஜம். மைதானப் பதிவின் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும்.

ஆட்ட நாளுக்கு ஒரே கேப்டன், கணக்குக்கு ஒருத்தி, மைதானத்துக்கு ஒருத்தி என்பதே என் கட்சி. நாலாவது ஆளைச் சேர்க்க யோசிப்பேன்.