சிங்கப்பூரா, ஜெர்மனியா: ஒருவருக்கு வேலை, இருவருக்கும் பயணம்

முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல, கூடப் போகிறவர் வேலை செய்ய முடியுமா என்பதை. சிங்கப்பூரில் துணையை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். வந்தவர் டிபென்டன்ட் பாஸை, அதாவது துணையாகத் தங்கும் அனுமதியை, மட்டும் காட்டி வேலையில் சேர முடியாது. 2021 மே முதல் தனி வேலை அனுமதி தேவை. ஜெர்மனியில் புளூ கார்டு (உயர்தகுதி வேலைக்காரர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு அந்தத் தொல்லையில்லை. மொழித் தேர்வும் முன்கூட்டிக் கேட்பதில்லை.

வீடு பிடித்துக் குடியேறுவதில் கதை தலைகீழ். சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீட்டுக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம், மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரை வரி. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் முருங்கைக்காயைத் தமிழிலேயே பேரம் பேசலாம்.

ஜெர்மனியில் வாடகை வீடு பல நேரம் சமையலறையே இல்லாமல் வரும். பாத்திரம் கழுவும் தொட்டிகூட இருக்காது. முன்பணம் 3 மாத அடிப்படை வாடகை வரை போகும், மூன்று தவணையாகக் கட்டலாம். குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லையென்றால் நடக்காது. அதன்பிறகு வரி எண் தபாலில் வரும். இங்கேதான் நம் தம்பதிகள் மாட்டுவார்கள்: மனைவியின் கடைசிப் பெயர் வேறு, தபால் பெட்டியில் கணவர் பெயர் மட்டும், கடிதம் திரும்பிவிடும். எண் இல்லாத மாதம் சம்பளத்தில் 6ஆம் வகுப்பு வரி, அதாவது உச்சபட்சம், பிடிக்கவும் கூடும். பெட்டியில் இரண்டு பெயரையும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

இருவரும் சம்பாதித்தாக வேண்டுமென்றால் ஜெர்மனிதான். ஒரு சம்பளம் போதும், ஓரிரு வருடம்தான் என்றால் சிங்கப்பூர்.