சி.என்.ஜி. காரில் மூன்று ஆண்டுகள்: ஹைட்ரோ டெஸ்ட் முடிந்த கையோடு எழுதியது

சென்ற வாரம் என் காரின் சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) சிலிண்டருக்கு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஹைட்ரோ டெஸ்ட் முடிந்தது. சிலிண்டரை டிக்கியிலிருந்து கழற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பி, அது அன்றாடம் தாங்கும் 200 பார் அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஏற்றிப் பார்த்து, புதிய தேதி பொறித்த தகட்டுடன் திருப்பித் தர இரண்டு நாள் ஆயிற்று. அந்தத் தேதி செல்லாவிட்டால் சி.என்.ஜி. பங்கில் எரிவாயு போடமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் சக ஊழியர் ஒருவரின் பெட்ரோல் காரில் தொற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். தானும் சி.என்.ஜி.க்கு மாறலாம் என்றிருப்பதாகச் சொல்லி, உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று அவர் கேட்டார். வழியில் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது.

நான் இந்தக் காரை வாங்க முன்பதிவு செய்தது 2022 ஏப்ரலில், சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசுக்கு விற்ற நாட்களில். ஆத்திரத்தில் எடுத்த முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாதமே கலால் வரியைக் குறைத்ததால் விலை 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கியது. கார் கைக்கு வந்ததோ ஆகஸ்டில். தாம்பரத்திலிருந்து வண்டலூர் – வாலாஜாபாத் சாலை வழியாக ஒரகடம் போய்த் திரும்ப நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மூன்று ஆண்டுகளில் எரிவாயுவில் மட்டும் 51,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்குப் போட்டது 1,960 கிலோ. அதாவது, கிலோவுக்கு இருபத்தாறு கிலோமீட்டர். பெட்ரோலில் இதே வண்டி எனக்கு லிட்டருக்குப் பதினேழுக்கு மேல் தந்ததில்லை. 2025-இல் இருந்த விலையில் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு ரூபாயும் எரிவாயுவுக்கு மூன்றரை ரூபாயும் ஆயின. பெட்ரோல் வகையைவிடக் கூடுதலாகக் கொடுத்த 95,000 ரூபாய், ஏறத்தாழ 39,000 கிலோமீட்டரில், 2024 தீபாவளியை ஒட்டித் திரும்பி வந்துவிட்டது.

மைலேஜை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கணக்கிடுவதில் பொருளில்லை என்பதை நான் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆயிற்று. பெட்ரோலில் டேங்கை வழிய நிரப்பி, அடுத்த முறையும் வழிய நிரப்பினால் கணக்கு சரியாக வரும். எரிவாயுவில் 'ஃபுல்' என்பதே நாளுக்கு நாள் மாறும். என்னுடையது அறுபது லிட்டர் சிலிண்டர். குளிர்ந்த விடியற்காலையில் அதில் எட்டரைக் கிலோ ஏறியிருக்கிறது; சித்திரை வெயிலில் மாலை ஆறு மணிக்கு அதே பங்கில் ஏழு கிலோவுக்கே 200 பார் காட்டி நின்றிருக்கிறது. வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் எரிவாயு சூடாவதால், எடை ஏறுவதற்கு முன்பே அழுத்தம் எல்லையைத் தொட்டுவிடுகிறது. இரவில் வண்டி குளிர்ந்தபின் பார்த்தால், எரிவாயு அளவைக் காட்டும் நான்கு பச்சை விளக்குகளில் ஒன்று அணைந்திருக்கும். முதல் மாதம் எரிவாயு கசிகிறதோ என்று பயந்து, சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டுக் குழாய் இணைப்புகளையெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

வண்டியைப் பற்றிக் குறை சொல்வதற்கு அதிகமில்லை. மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும், ஒரு கியர் இறக்க வேண்டும். ஆனால் இந்த மந்தமே எனக்கு நல்ல பழக்கம் ஒன்றைக் கொடுத்தது: விரட்டினாலும் பாயாத வண்டி என்பதால், தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்துவிட்டு உருளவிடுகிறேன். இப்போது மனைவியின் ஸ்கூட்டரை எடுத்தால்கூடக் கை தானாக நிதானப்படுகிறது. டிக்கி போய்விட்டது உண்மைதான். பொங்கலுக்குக் கும்பகோணம் போனபோது அரிசி மூட்டை பின்னிருக்கையில் என் மகளுக்குத் துணையாக வந்தது. (2023-இல் டாடா ஆல்ட்ரோஸ், ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறியவற்றைத் தரைக்கு அடியில் வைத்து டிக்கியை மீட்டுத் தந்தது. அது வரும்வரை நான் பொறுத்திருக்கலாம்.) என் தவறு ஒன்றும் உண்டு. பெட்ரோலே வேண்டாம் என்ற கஞ்சத்தனத்தில் மாதக்கணக்காக ரிசர்விலேயே ஓட்டினேன். வண்டி கிளம்புவது எப்போதும் பெட்ரோலில்தான், சிறிது நேரம் கழித்துத்தான் எரிவாயுவுக்கு மாறும். ஒரு நாள் கிளம்பவே இல்லை. வண்டியின் பெட்ரோல் பம்ப் பழுதாகிவிட்டது, ஆறாயிரம் ரூபாய் செலவு. டேங்க் கால்பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது என்று மெக்கானிக் அப்போதுதான் சொன்னார்.

என் கோபமெல்லாம் பங்கின் மேல்தான். குழாய்வழி எரிவாயு வராத பங்குகளுக்கு, அடுக்கடுக்கான சிலிண்டர்களில் லாரியில் கொண்டுவந்து தருகிறார்கள். லாரி வந்த புதிதில் போனால் அழுத்தம் முழுதாக இருக்கும். பத்திருபது வண்டி போட்டபின் போனால் 150 பாரோடு நின்றுவிடும், சிலிண்டரில் ஆறு கிலோகூட ஏறாது. எந்த நேரத்தில் எது இருக்கும் என்பது வரிசையின் கடைசியில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, ஆட்டோக்களுக்கு ஒரு வரிசை, கார்களுக்கு ஒரு வரிசை என்று நின்றதில் நான் பதினோராவது. ஐம்பது நிமிடம் ஊர்ந்து, எனக்கு முன்னால் ஒரே ஒரு கார் இருக்கும்போது, குழாயை மாட்டும் தம்பி கையை விரித்தார்: "சார், பிரஷர் போயிடுச்சு, லோடு வண்டி வந்தாதான்." விதிப்படி எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து எல்லோரும் இறங்கியிருந்தார்கள், நடக்க முடியாத பாட்டி ஒருவரை இரண்டு பேர் தாங்கி இறக்கி, எரிவாயு இல்லை என்றதும் அதேபோல் தாங்கி ஏற்றினார்கள். பக்கத்து வரிசையில் இருந்த ஆட்டோக்காரர் மட்டும் பதறவில்லை. "விடியக்காலைல வாங்க சார், சாயந்திரம் வந்தா இப்படித்தான்" என்றார்.

எரிவாயுவில் மாதம் 1,400 கிலோமீட்டருக்கு எனக்கு மிச்சமாவது சுமார் 3,450 ரூபாய். மாதத்தில் எட்டு முறை நிரப்புகிறேன், சராசரியாக முப்பத்தைந்து நிமிடம். மொத்தம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வரிசையில் நிற்கிறேன். மணிக்கு எழுநூறு ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் மோசமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலையையும் செய்துவிட்டுக் கூலியில்லாமல் திரும்பியதோடு, வீடுவரை பெட்ரோலில் ஓட்டி வந்தேன்.

ஆகவே, மாறலாமா என்று கேட்ட அந்த அலுவலக நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே எழுதிய எண்கள் அத்தனையும் வாங்கச் சொல்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், குழாய்வழி எரிவாயு வரும் பங்கு இருந்தால் மட்டும் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள். அப்படியானால் உங்கள் காரை விற்கப் போகிறீர்களா என்று அவர் கேட்டார். ஹைட்ரோ டெஸ்டுக்கு இப்போதுதான் பணம் கட்டியிருக்கிறேன், அடுத்தது 2028-இல்தான் என்றேன். டாஷ்போர்டில் இப்போது ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது. நாளைக் காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.